மேலடுக்குக் கிளிப்பை முழுத்திரைக்கு விரிப்பது: எந்த முழுத்திரை?

மார்ச் 2, மாலை. வீடியோ தொகுக்கும் ஒருவரிடமிருந்து வந்த கேள்வி

"கீழ் டிராக்கில் நான் பேசுகிற காட்சி ஓடுகிறது. மேல் டிராக்கில் இன்னொரு கிளிப்பை வைத்தால் அது சின்னதாக நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. மூலையைப் பிடித்து இழுத்தால் ஒரு பக்கம் நிறைகிறது, மறுபக்கம் கறுப்பாகத் தெரிகிறது. ஒரே சொடுக்கில் முழுத்திரை ஆக்க முடியாதா? மென்பொருளில்தான் கோளாறு என்று நினைக்கிறேன்."

மார்ச் 2, இரவு

கோளாறு எதுவும் இல்லை. மூலையைப் பிடித்து இழுப்பதை முதலில் நிறுத்துங்கள். முன்னோட்டத் திரையில் அந்தக் கிளிப்பின் மேல் வலது கிளிக் செய்தால் 'ஃபிட் டு ஸ்கிரீன்' என்றோ அதை ஒத்த பெயரிலோ ஒரு கட்டளை இருக்கும். கோரல் வீடியோஸ்டுடியோவில் அதே பெயரில் இருக்கிறது. அழுத்தினால் முடிந்தது.

மார்ச் 3, காலை

"முடிந்தது" என்று எழுதியது தூக்கக் கலக்கத்தில். முடியவில்லை.

முழுத்திரை என்று நாம் ஒரே சொல்லாகச் சொல்வதை மென்பொருள்கள் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கின்றன. முதலாவது ஃபிட்: படம் முழுவதும் தெரியும், சட்டகத்தில் (வீடியோவின் முழுக் காட்சிப் பரப்பில்) இடம் மிஞ்சும். இரண்டாவது ஃபில்: சட்டகம் நிறையும், படத்தின் ஓரம் வெளியே போய்விடும். மூன்றாவது ஸ்ட்ரெட்ச்: சட்டகமும் நிறையும், படமும் முழுவதும் தெரியும், ஆனால் படத்தில் இருக்கும் ஆட்கள் உருமாறிவிடுவார்கள். கிளிப்பின் அகல-உயர விகிதமும் சட்டகத்தின் விகிதமும் ஒன்றாக இருந்தால் மூன்றும் ஒரே பலனைத்தான் தரும். அதனால்தான் பலர் ஆண்டுக்கணக்கில் இந்த வேறுபாடு தெரியாமலே வேலை பார்த்துவிடுகிறார்கள். விகிதம் மாறிய முதல் கிளிப் கைக்கு வரும் நாளில் மாட்டிக்கொள்வார்கள்.

கணக்கைப் பாருங்கள். சட்டகம் 1920×1080. கையில் இருப்பது 640×480, அதாவது பழைய 4:3. ஃபிட் என்றால் 225 சதவீத அளவுக்குப் பெரிதாகும். படம் 1440×1080 ஆகும், இடத்தும் வலத்தும் 240 பிக்சல் மிச்சம். ஃபில் என்றால் 300 சதவீதம். படம் 1920×1440 ஆகும், மேலே 180, கீழே 180 வரிகள் போய்விடும். நாலில் ஒரு பங்கு படம் காணாமல் போகிறது. போவது மேலும் கீழும் என்பதால் பெரும்பாலும் யாருடைய தலையாவது போகும்.

ஸ்ட்ரெட்சைப் பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதி இல்லை. பழைய கேசட்டிலிருந்து எடுத்த பாட்டியின் பதிவை, அடுக்கு நிறைந்தால் போதும் என்று, அப்படியே நீட்டிவிட்டேன். 4:3 படத்தை 16:9 ஆக நீட்டினால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடும். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் போட்டுக்காட்டினேன். இரண்டு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு சித்திதான் கேட்டார்: "அம்மா எப்போது இவ்வளவு பருமனாக இருந்தார்?"

மார்ச் 3, மாலை

எந்த மென்பொருளில் என்ன பெயர் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்குப் பழக்கமானவற்றை மட்டும் சொல்கிறேன். டாவின்சி ரிசால்வில் கிளிப்பைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்பெக்டர் என்ற பலகத்தில் ஸ்கேலிங் பகுதிக்குப் போனால் கிராப், ஃபிட், ஃபில், ஸ்ட்ரெட்ச் என நான்கு தெரியும். புராஜெக்ட் முழுவதற்கும் ஒரே விதி வேண்டுமானால் புராஜெக்ட் செட்டிங்ஸில் இமேஜ் ஸ்கேலிங் பக்கத்தில் வைக்கலாம். ஷாட்கட்டில் 'சைஸ், பொசிஷன் அண்ட் ரொடேட்' ஃபில்டர். அங்கே ஸ்ட்ரெட்சின் பெயர் டிஸ்டார்ட். சிதைத்தல் என்று பெயர் வைத்த நேர்மையைப் பாராட்டுகிறேன். ஃபைனல் கட் புரோவில் 'ஸ்பேஷியல் கன்ஃபார்ம்' என்ற தலைப்பில் ஃபிட், ஃபில், நன் (None, எதுவும் செய்யாதது). ஓப்பன்ஷாட்டில் பெஸ்ட் ஃபிட், கிராப், ஸ்ட்ரெட்ச், நன்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: ஓப்பன்ஷாட்டில் கிராப் என்பது நிறைத்து வெட்டுவது, அதாவது மற்றவர்கள் ஃபில் என்பது. ரிசால்வில் கிராப் என்றால் அளவை மாற்றாமல் நடுவில் வைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் வெட்டுவது. ஒரே சொல், இரண்டு வேலை. ஒரு மென்பொருளில் கற்றதை இன்னொன்றில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தாதீர்கள்.

பிரீமியர் புரோவின் பல பதிப்புகளில் இரண்டு கட்டளைகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்: 'ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ்', 'செட் டு ஃபிரேம் சைஸ்'. அழுத்திப் பார்த்தால் திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதலாவது படத்தையே சட்டக அளவுக்குச் சுருக்கிவிட்டு ஸ்கேல் எண்ணை (அளவுச் சதவீதத்தை) 100 என்று காட்டும். இரண்டாவது படத்தைத் தொடாமல் எண்ணை மட்டும் மாற்றும். 3840×2160 கிளிப்பை 1920×1080 சட்டகத்தில் போட்டால் 50 என்று காட்டும். பிறகு நெருக்கிக் காட்ட வேண்டுமானால் இரண்டாவதில் 50-லிருந்து 100 வரை தரம் குறையாமல் ஏறலாம். முதலாவதில் 100-ஐத் தாண்டினால் ஏற்கெனவே சுருங்கிய படத்தைத்தான் ஊதிப் பெரிதாக்குகிறோம்.

இது எனக்குத் தெரிய வந்ததே ஒரு பெரிய கதை. 4கே பதிவு ஒன்றில் ஒரு கருவியின் சின்ன எழுத்துகளை நெருக்கிக் காட்ட வேண்டியிருந்தது. 200 சதவீதம் வைத்தேன், மங்கியது. கேமராவைச் சந்தேகப்பட்டேன், லென்ஸைத் துடைத்தேன், மறுநாள் அதே காட்சியை மறுபடி எடுத்தேன். அதுவும் மங்கியது. கடைசியில் பார்த்தால் இரண்டு நாளும் பட்டியலில் மேலே இருந்த கட்டளையை அழுத்தியிருக்கிறேன். முழுக்க முழுக்க என் தவறு.

மார்ச் 4

"முழுத்திரை ஆக்குவதற்கு எதற்கு மேலடுக்கு? கீழே உள்ள காட்சியை வெட்டி நடுவில் செருகிவிட்டுப் போகலாமே" என்கிறார் இன்னொருவர்.

போகலாம். ஆனால் கீழ் டிராக்கில் பேசிக்கொண்டிருப்பவரின் குரல் தொடர வேண்டுமே. செருகினால் பேச்சு துண்டாகும், பின்னால் இருப்பதெல்லாம் நகரும். மேலடுக்கில் வைத்தால் கீழே எதுவும் அசையாது; படம் மட்டும் மறையும். பிறகு மனம் மாறினால் மேலடுக்கை நீக்கிவிட்டால் போதும், வெட்டிய இடத்தை ஒட்டவேண்டிய வேலை இல்லை.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மேலடுக்குக் கிளிப்பின் சொந்த ஒலியை அணைத்துவிடுங்கள். நான் மறந்து வெளியிட்டதில், பேச்சுக்கு அடியில் மின்விசிறிச் சத்தம் பன்னிரண்டு விநாடி வந்து போனது.

மார்ச் 5

கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த கிளிப்பைக் கிடைமட்டச் சட்டகத்தில் என்ன செய்வது? இதற்கு நல்ல விடை கிடையாது. குறைந்த சேதம் உள்ள விடைதான் உண்டு.

1080×1920 கிளிப்பை ஃபிட் செய்தால் 56.25 சதவீதம். அகலம் 607.5 பிக்சல், திரையின் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஃபில் செய்தால் 177.78 சதவீதம். இப்போது படத்தின் 1920 வரிகளில் சுமார் 608 வரிகள் மட்டும் தெரியும், மிச்சம் மூன்றில் இரண்டு பங்கு வெளியே. நிற்கிற ஆளை எடுத்திருந்தால் நடு உடம்புதான் கிடைக்கும். நடுவைத் தவிர வேறு இடம் வேண்டுமானால் ஃபில் செய்த பிறகு பொசிஷனில் செங்குத்து எண்ணை மாற்றி நகர்த்துங்கள். முகத்தைக் கொண்டுவர முடியும். ஃபில் என்றாலே நடுப்பகுதிதான் என்று நினைத்துக் கைவிடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

அதே கிளிப்பை நகல் எடுத்து, நகலை ஃபில் செய்து மங்கலாக்கி அடியில் போட்டு, அசலை ஃபிட் செய்து மேலே வைக்கும் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடிக்காது. நடுவில் ஒருவர் அழுதுகொண்டிருக்க, இருபுறமும் அவருடைய தோளே பூதாகரமாகக் கலங்கித் தெரிகிறது. மங்கலாக்கியே ஆக வேண்டுமானால் நன்றாக மங்கலாக்கி ஒளியையும் குறைத்துவிடுங்கள். கண் அங்கே போகக் கூடாது.

கைப்பேசிக் கிளிப் படுத்துக் கிடக்கிறதென்றால் அது அளவுப் பிரச்சினை இல்லை. கோப்பில் படம் கிடைமட்டமாகவே பதிவாகி, 'இதைத் திருப்பிக் காட்டு' என்ற குறிப்பு தனியாக இருக்கும். அந்தக் குறிப்பைப் படிக்காத மென்பொருளில் படம் படுத்துவிடும். முதலில் 90 பாகை திருப்பிவிட்டு அளவுக்குப் போங்கள். முறை மாறினால் எண்கள் எல்லாம் தலைகீழாகும்.

மார்ச் 6, காலை

முழுத்திரையிலும் ஒரு முடி அகலக் குறை உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மடிக்கணினித் திரையைப் பதிவு செய்திருந்தேன். அளவு 1366×768. இது 16:9 என்றே எல்லோரும் சொல்வார்கள், நானும் சொன்னேன். சரியாக வகுத்தால் 16:9 என்பது 1.7778, இது 1.7786. அந்த மயிரிழை வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் ஸ்கேலில் 140.5 என்று கையால் இட்டேன். முன்னோட்டத்தில் பார்த்தேன், நிறைந்துவிட்டது. கோப்பாக வெளியே எடுத்துப் பெரிய திரையில் போட்டபோது அடியில் வெள்ளையாக ஒரு கோடு. கிளிப் ஓடும் நாற்பது விநாடியும் அது அங்கேயே நின்றது.

திரையில் ஏதோ கீறல் என்று நினைத்து விரலால் தேய்த்துப் பார்த்ததை ஒப்புக்கொள்கிறேன். அப்புறம்தான் கணக்குப் போட்டேன். 768-ஐ 1.405 ஆல் பெருக்கினால் 1079.04. ஏறக்குறைய ஒரு வரி குறைகிறது. மேலே பாதி, கீழே பாதி. அந்தப் பாதி வரியில் அடி டிராக் கசிகிறது. மேலடுக்கில் இருந்தது கறுப்புப் பின்னணியில் நிரல் எழுதும் திரை. கீழ் டிராக்கில் நான் உட்கார்ந்திருந்தது வெள்ளைச் சுவருக்கு முன்னால். கறுப்பின் விளிம்பில் வெள்ளை கசிந்தால் தெரியாமல் என்ன செய்யும்? மேல் விளிம்பிலும் இருந்திருக்கும். திரையின் சட்டம் மறைத்ததோ என்னவோ, கண்ணில் படவில்லை.

ஃபிட் கட்டளை மட்டும் இதைத் தீர்த்துவிடாது. அது அகலத்தை 1920-க்குச் சரியாக்கும், உயரம் 1079.47 என்று நிற்கும். ஃபில் போட்டால் 140.625 சதவீதம், உயரம் சரியாக 1080, அகலத்தில் ஒரு பிக்சலுக்கும் குறைவாக வெளியே போகும். யாருக்கும் தெரியாது. கையால் இடுகிறவர்கள் 141 என்று வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

சோதிக்க ஓர் எளிய வழி: கீழ் டிராக்கைத் தற்காலிகமாக மறைத்து, அந்த இடத்தில் பளிச்சென்ற சிவப்பு நிறக் கிளிப் ஒன்றைப் போடுங்கள். முன்னோட்டத்தை 100 சதவீத அளவில் வைத்து நான்கு விளிம்பையும் பாருங்கள். கசிவு இருந்தால் சிவப்புக் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

மார்ச் 6, இரவு

சோதித்த பிறகு சிவப்பை எடுத்துவிடுங்கள். ஏன் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள்.

மார்ச் 9

மூலையில் சின்னப் பெட்டியாக இருக்கும் மேலடுக்கு மெல்ல விரிந்து முழுத்திரை ஆக வேண்டும், எப்படி என்ற கேள்வி. கீஃப்ரேம் (இந்த நேரத்தில் இந்த அளவு, இந்த இடம் என்று குறிக்கும் புள்ளி) இரண்டு போதும். 30 சதவீத அளவில் பெட்டி 576×324. வலது கீழ் மூலையில், விளிம்பிலிருந்து 40 பிக்சல் தள்ளி வைக்க வேண்டுமானால் அதன் மையம் 1592, 878 என்ற இடத்தில் வரும். முடிவில் 100 சதவீதம், மையம் 960, 540. ஸ்கேலுக்கும் பொசிஷனுக்கும் ஒரே இடத்தில் தொடக்கம், ஒரே இடத்தில் முடிவு.

இதை எல்லோரும் செய்துவிடுவார்கள். ஆனாலும் அசைவு எங்கோ இடிக்கும். இடிக்கும் இடங்கள் இரண்டு. ஸ்கேலுக்கு மட்டும் வேக மாற்றம் கொடுத்துவிட்டுப் பொசிஷனுக்குக் கொடுக்காமல் விட்டால், பெட்டி முதலில் நடுவுக்கு மிதந்து வந்து பிறகு ஊதும்; அல்லது ஊதிச் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டுத் திரும்பும். இரண்டுக்கும் ஒரே வேக வளைவைக் கொடுங்கள். இன்னொன்று நுட்பமானது. வேக மாற்றமே இல்லாமல் ஒரே சீராக 30-லிருந்து 100-க்குப் போனாலும் கண்ணுக்குச் சீராகத் தெரியாது. முதல் பாதியில் 30 என்பது 65 ஆகிறது, இரண்டு மடங்குக்கு மேல். மறுபாதியில் 65 என்பது 100 ஆகிறது, ஒன்றரை மடங்குதான். எண் சமமாக ஏறுகிறது, கண் மடங்கைப் பார்க்கிறது. அதனால் தொடக்கம் பாய்வது போலவும் முடிவு நொண்டுவது போலவும் தோன்றும். தொடக்கத்தை மெதுவாக்கினால் சரியாகிவிடும்.

அரை விநாடிக்கு மேல் இந்த விரிதல் ஓடினால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. இது என் குணம், விதி இல்லை.

மார்ச் 10

முதல் கேள்வியை இன்று மறுபடி படித்தேன். எட்டு நாளாக வேறு எதற்கோ விடை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"மறுபக்கம் கறுப்பாகத் தெரிகிறது" என்று எழுதியிருக்கிறார். கறுப்பு எப்படித் தெரியும்? மேலடுக்கு சின்னதாக இருந்தால் அதைச் சுற்றித் தெரிய வேண்டியது கீழ் டிராக்கில் பேசிக்கொண்டிருக்கும் அவருடைய முகம். முகம் தெரியவில்லை, கறுப்பு தெரிகிறது என்றால் அந்தக் கறுப்பு மேலடுக்குக் கிளிப்புக்கு உள்ளேயே இருக்கிறது. அவருடைய கிளிப் முதல் நாளிலிருந்தே முழுத்திரையில்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் படம்தான் சின்னது.

இந்த நிலையில் ஃபிட், ஃபில், ஸ்ட்ரெட்ச் மூன்றும் சும்மா இருக்கும். கோப்பின் அளவு 1920×1080, சட்டகமும் 1920×1080. மென்பொருளுக்கு இதில் செய்ய எதுவும் இல்லை. கறுப்பும் படம்தான் என்றே அது எடுத்துக்கொள்ளும். நான் கொடுத்த முதல் விடையை அவர் அழுத்தியிருப்பார், எதுவும் மாறியிருக்காது, என்னைத் திட்டியிருப்பார். நியாயம்தான்.

சந்தேகம் தீர ஒரு வழி: கிளிப்பின் ஒளிபுகாத்தன்மையை (ஒபாசிட்டி) பாதியாகக் குறைத்துப் பாருங்கள். கறுப்புப் பட்டை கண்ணாடி மாதிரி ஆகி அதற்குப் பின்னால் முகம் தெரிந்தால், பட்டை கிளிப்பின் உள்ளே இருக்கிறது.

மார்ச் 11

கேட்டவர் விவரம் தந்துவிட்டார். நான் சொன்னபடியே செய்து பார்த்தாராம், பட்டைக்குப் பின்னால் முகம் தெரிந்ததாம். நாலு பக்கமும் கறுப்பு, நடுவில் அஞ்சல்தலை மாதிரி படம். ஃபிட் டு ஸ்கிரீனை அன்று இரவே அழுத்தினாராம். எதுவும் ஆகவில்லையாம். திட்டவில்லை என்கிறார், நம்புகிறேன்.

இந்த அஞ்சல்தலை எப்படி உருவாகிறது தெரியுமா? இரண்டு நல்லவர்கள் அடுத்தடுத்து ஃபிட் போட்டால் உருவாகும். அசல் 16:9. யாரோ அதை 4:3 புராஜெக்டில் வைத்து ஃபிட் செய்தார், மேலும் கீழும் பட்டை வந்தது. அப்படியே கோப்பாக எடுத்தார். இன்னொருவர் அந்தக் கோப்பை 16:9 புராஜெக்டில் வைத்து ஃபிட் செய்தார், இடமும் வலமும் பட்டை வந்தது. ஒருவர்கூடப் படத்தைச் சிதைக்கவில்லை, ஒரு பிக்சலைக்கூட வெட்டவில்லை. சட்டகத்தின் பரப்பில் பாதிக்கு அருகில் கறுப்பாகிவிட்டது. கணக்கு: உள்ளே இருக்கும் படம் 1440×810. பரப்பில் 56 சதவீதம்.

தீர்வு எளிது. இரண்டு முறையும் சுருங்கிய விகிதம் ஒன்றே என்பதால், 133.33 சதவீதம் வைத்தால் நான்கு பட்டையும் ஒரே நேரத்தில் வெளியே போய்விடும். நகர்த்தவே வேண்டாம், படம் நடுவில்தான் இருக்கிறது.

ஆனால் அந்த இடைக் கோப்பு 640×480 ஆக இருந்திருந்தால் அதில் உண்மையான படம் 640×360 மட்டும்தான். நீங்கள் வைப்பது 133 என்றாலும் உண்மையில் அது மூன்று மடங்கு ஊதல். எந்த ஃபில்டரும் இல்லாத விவரத்தைக் கொண்டுவராது. அசல் கோப்பு யாரிடமாவது இருக்கிறதா என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். அது கிடைத்தால் இந்த இழை முழுவதும் தேவையே இல்லை.

மார்ச் 12

ஸ்ட்ரெட்ச் கூடாது என்ற தோரணையில் மூன்றாம் தேதி எழுதியதை இளக்க வேண்டியிருக்கிறது. புகை, தூசி, மழைத்துளி, ஒளிக்கசிவு போன்ற மேலடுக்குகள் உண்டல்லவா, கறுப்புப் பின்னணியோடு வருபவை, ஸ்கிரீன் என்ற பிளெண்ட் முறையில் (அடுக்குகளைக் கலக்கும் முறையில்) கறுப்பு மறைந்து புகை மட்டும் நிற்கும். அவற்றைத் தாராளமாக நீட்டலாம். புகைக்கு யாரும் அளவு எடுத்து வைத்திருக்கவில்லை. பொக்கே வட்டங்கள் (மங்கிய ஒளி வட்டங்கள்) இருந்தால் மட்டும் வேண்டாம், வட்டம் முட்டையாகும்போது கண்டுபிடித்துவிடுவார்கள்.

கூடவே: இந்த வகையில் கிளிப் சட்டகத்தைவிடச் சின்னதாக இருந்தால், ஸ்கிரீன் முறையில் விளிம்பு தெரியாது என்று நினைத்து விடுவோம். கறுப்பு சரியான கறுப்பாக இல்லாமல் கொஞ்சம் சாம்பலாக இருந்தால் பெட்டியின் விளிம்பு மெல்லியதாகத் தெரியும். இருட்டு அறையில் பாருங்கள்.

மார்ச் 13

பாட்டி விஷயத்தில் ஒரு திருத்தம். அந்தக் கேசட் பதிவு 640×480 இல்லை, 720×576. பால் முறை. (குடிக்கிற பால் இல்லை, தொலைக்காட்சி முறை.)

இது ஏன் முக்கியம்? 720-ஐ 576 ஆல் வகுத்தால் 1.25. அது 4:3-உம் இல்லை, 16:9-உம் இல்லை. ஏனென்றால் இந்தப் பிக்சல் சதுரம் இல்லை. 4:3 பதிவு என்றால் ஒவ்வொரு பிக்சலும் சற்று அகலமாக விரிந்து காட்டப்பட வேண்டும். 16:9 பதிவும் அதே 720×576-தான். அங்கே இன்னும் அதிகமாக விரிய வேண்டும். எது எது என்பதைச் சொல்வது கோப்பில் உள்ள ஒரு சின்னக் குறிப்பு. அந்தக் குறிப்பு வழியில் எங்காவது தொலைந்துவிட்டால் ஆட்கள் ஒல்லியாகவோ பருமனாகவோ வருவார்கள், நீங்கள் ஸ்கேலையே தொடாவிட்டாலும். கிளிப்பின் பண்புகளில் பிக்சல் விகிதம் என்ற இடத்தைத் திருத்திவிட்டு, அதன் பிறகு ஃபிட்டோ ஃபில்லோ போடுங்கள். ஸ்கேலின் அகல எண்ணையும் உயர எண்ணையும் தனித்தனியாகப் பிரித்துக் கண்மதிப்பில் சரிசெய்தால், அடுத்த கிளிப்புக்கும் அதே பாட்டைப் படவேண்டும்.

கேசட் பதிவுகளில் இன்னொரு பொறி. அவை ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று இடைப்பின்னிப் பதிவானவை. டீஇன்டர்லேஸ் (பின்னிய வரிகளைப் பிரித்து முழுப் படமாக்குவது) செய்யாமல் அளவைப் பெரிதாக்கினால் இரண்டு நேரத்து வரிகள் ஒன்றோடொன்று குழைந்து, கை அசைத்தால் சீப்புப் பற்கள் போலிருந்தவை அலை அலையாக மாறிவிடும். அப்புறம் பிரிக்க முடியாது. முதலில் டீஇன்டர்லேஸ், அடுத்தது அளவு.

பாட்டியின் பதிவை முறையாகத் திருத்தி மறுபடி செய்தேன். இந்த முறை ஃபிட்தான், இருபுறமும் கறுப்பு. பட்டைகள் வருவதைத் தோல்வி என்று நினைத்த காலம் எனக்கும் இருந்தது.

மார்ச் 14

திரைப்பதிவில் எழுத்து மங்குகிறது என்று புகார். 1280×720 பதிவை 1080 சட்டகத்துக்கு 150 சதவீதம் விரித்திருக்கிறார். ஒரு பிக்சல் ஒன்றரைப் பிக்சல் ஆகவேண்டும். அரைப் பிக்சலை வரைய முடியாது, பக்கத்தில் உள்ளதோடு கலக்கும். முகத்தில் தெரியாது, எழுத்தின் கூரான விளிம்பில் தெரியும். பதிவு செய்யும்போதே 1920×1080 வையுங்கள். முடியாவிட்டால் 960×540 என்று பாதியாக வைத்து எழுத்தின் அளவைப் பெரிதாக்கிப் பதியுங்கள். 200 சதவீதம் முழு எண், ஒவ்வொரு பிக்சலும் சரியாக நாலாகும். 'நியரஸ்ட் நெய்பர்' (கலக்காமல் அருகில் உள்ள பிக்சலையே எடுப்பது) என்ற முறையைத் தேர்ந்தெடுக்க வழி இருந்தால் எழுத்து கத்தி மாதிரி நிற்கும். சற்றுப் பற்கள் தெரியும், மங்கலைவிட எனக்கு அது மேல்.

மார்ச் 15

முதல் கேள்வியைக் கேட்டவரிடமிருந்து மறுபடி. அசல் கோப்பு கிடைக்கவில்லை. 133.3 வைத்தாராம், எல்லாம் நிறைந்ததாம், ஆனால் இப்போது விளிம்பில் "ஒரு முடி மாதிரி கறுப்புக் கோடு" நிற்கிறதாம்.

1440-ஐ 1.333 ஆல் பெருக்குங்கள். 1919.52. உயரம் 1079.73. ஆறாம் தேதி எழுதியதை நானே மறந்து அவரிடம் 133.33 என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். அவருடைய மென்பொருள் ஒரு தசம இடத்தோடு நிறுத்திக்கொண்டது. அதற்கு மேல், ஊதி ஊதி வந்த படத்தில் பட்டையின் விளிம்பு கூராகவும் இருக்காது, இரண்டு மூன்று பிக்சலுக்குக் கரைந்திருக்கும்.

135 வையுங்கள். ஓரத்துக்கு 12 பிக்சல் போகும், போகட்டும். கோடு நின்றால் 136.

மார்ச் 15, இரவு

135-இலேயே போய்விட்டதாம். கிளிப் முடிந்ததும் ஒரே ஒரு ஃபிரேம் சிவப்பாக மின்னுகிறது, அது என்ன என்று கேட்கிறார்.